மடலைத் திறக்கும் உரிமை

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு செயல். எழுத்து மட்டுமே தெரியும் டெர்மினல் திரையில் மின்னஞ்சல் படிப்பவர்கள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். மட், நியோமட் போன்றவை அவர்கள் கையாளும் நிரல்கள். வங்கியிலிருந்தோ விமான நிறுவனத்திலிருந்தோ எச்டிஎம்எல் வடிவில் ஒரு மடல் வந்தால், அந்தத் திரையில் அது மடலாகத் தெரிவதில்லை. கோண அடைப்புக்குறிகளும் அட்டவணைக் கட்டளைகளும் பக்கம் பக்கமாக ஓடும். அப்போது படிப்பவர் ஒரு விசையை அழுத்தி மடலின் பகுதிகளைப் பட்டியலிடுகிறார். எச்டிஎம்எல் பகுதியைத் தேர்ந்தெடுத்து உலாவிக்கு அனுப்புகிறார். மடல் தன் முழு அலங்காரத்தோடு அங்கே விரிகிறது. இதைப் பார்ப்பவர்கள் ‘இந்தக் காலத்தில் இவ்வளவு சிரமம் எதற்கு?’ என்று கேட்பது இயல்புதான். அஞ்சல் நிரலுக்கும் உலாவிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை ஒரு குறையாகவே கணினித் துறை நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறது. நான் அதற்கு நேர்மாறான கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மடலைப் படிப்பது ஒரு செயல்; மடலுக்குள் பொதிந்திருக்கும் ஆவணத்தை இயங்க விடுவது வேறொரு செயல். இரண்டுக்கும் நடுவில் படிப்பவரின் சம்மதம் இருந்தாக வேண்டும். அந்தச் சம்மதத்தை எடுத்துவிட்டதற்கான விலையை உலகம் பலமுறை கொடுத்திருக்கிறது. இடைவெளியை இன்றும் வைத்திருப்பவர்களும் அதை முழுமையாகக் காப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

எங்கிருந்து இந்த ஏற்பாடு வந்தது என்று முதலில் பார்ப்போம். 1982இல் வகுக்கப்பட்ட இணைய அஞ்சல் விதிகளின்படி மடல் என்பது வெறும் எழுத்து. அதுவும் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இடம் தரும் ஏழு பிட் குறியாக்கம். ஒரு வரி ஆயிரம் எழுத்துகளைத் தாண்டக்கூடாது. பத்தாண்டுகள் கழித்து, 1992இல், நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற விதித்தொகுப்பை எழுதினார்கள். மடலுக்குள் படமும் ஒலியும் பிறமொழி எழுத்தும் செல்ல வழி பிறந்தது அதனால்தான். அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி போரன்ஸ்டைன் அனுப்பிய மடலில், அவர் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன. புதுமை அங்கே முடிந்துவிடவில்லை. அவர்கள் சந்தித்த கடினமான கேள்வி வேறு: நாளைக்கு எந்த வகை உள்ளடக்கம் வரும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது, அப்படியிருக்க, உலகில் ஏற்கெனவே இருக்கும் அத்தனை அஞ்சல் நிரல்களையும் எப்படித் தயார் செய்வது? ஒவ்வொரு நிரலும் எல்லாவற்றையும் காட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே போரன்ஸ்டைன் கண்ட விடை. அஞ்சல் நிரல் மடலைப் பிரிக்கட்டும். ஒவ்வொரு பகுதியும் என்ன வகை என்று தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அந்த வகையைக் காட்டத் தெரிந்த வேறு நிரலைக் கூப்பிடட்டும். எந்த வகைக்கு எந்த நிரல் என்பதைப் பயனர் தன் கணினியில் ஒரு எளிய எழுத்துக் கோப்பில் எழுதி வைத்திருப்பார். மெயில்கேப் என்ற அந்தக் கோப்பின் இலக்கணம் 1993 செப்டம்பரில் முறையான ஆவணமாக வெளியானது.

மெயில்கேப் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் எளிமை தெரியும். ஒரு வரிக்கு ஒரு வகை. முதலில் வகையின் பெயர், அரைப்புள்ளி, பிறகு ஓட்ட வேண்டிய கட்டளை, அதற்குப் பிறகு சில குறிப்புகள். இந்தக் கட்டளைக்கு டெர்மினல் தேவை என்று ஒரு குறிப்பு சொல்லும். இதன் விடை நீளமான எழுத்தாக வரும், அதைப் பக்கம் பக்கமாகக் காட்டு என்று இன்னொன்று. வரைகலைத் திரை இருந்தால் மட்டும் இந்த வரியைப் பயன்படுத்து என்று நிபந்தனையும் இடலாம். எச்டிஎம்எல் வகைக்கு இரண்டு வரி எழுதி வைப்பது பழக்கம். ஒன்று லிங்ஸ் அல்லது டபிள்யூ3எம் போன்ற எழுத்து உலாவியைக் கூப்பிட்டு மடலை வெற்று எழுத்தாக்கி அதே திரையில் காட்டும். மற்றது ஃபயர்பாக்ஸ் போன்ற முழு உலாவியைத் திறக்கும். முதல் வரி தானாக இயங்கலாம்; இரண்டாவது, பயனர் கேட்டால் மட்டும். இந்த வரிசையில் ஒரு தத்துவம் இருக்கிறது. அஞ்சல் நிரல் மடலின் எந்தப் பகுதியையும் நம்ப வேண்டியதில்லை. அதற்குத் தெரிந்தது எழுத்தைக் காட்டுவது. அதைத் தாண்டிய எதையும் செய்ய அது மனிதரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தத்துவத்தைக் கைவிட்ட கதை 1990களின் நடுவில் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் தன் உலாவிக்குள்ளேயே அஞ்சல் நிரலைச் சேர்த்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் அவுட்லுக் எக்ஸ்பிரஸைக் கொடுத்தது. எச்டிஎம்எல் மடலைக் காட்ட அது எக்ஸ்புளோரரின் உட்பொறியையே எடுத்துக்கொண்டது. வசதி என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடந்தது என்ன? உலாவியில் இருந்த ஒவ்வொரு ஓட்டையும் அன்றிலிருந்து அஞ்சலின் ஓட்டை ஆயிற்று. உலாவியில் ஒரு தீய பக்கத்தைப் பார்க்க நாமே தேடிப் போக வேண்டும். அஞ்சலிலோ அந்தப் பக்கம் நம்மைத் தேடி வரும். 1999 நவம்பரில் பபுள்பாய் என்ற புழு வெளிப்பட்டது. அதற்கு முந்தைய அஞ்சல் வைரஸ்கள் இணைப்புக் கோப்பைப் பயனர் திறந்தால்தான் வேலை செய்யும். பபுள்பாய்க்கு இணைப்பே தேவைப்படவில்லை. எச்டிஎம்எல் உடலுக்குள்ளேயே நிரல் இருந்தது. அவுட்லுக்கில் மடலைத் திறந்தால் போதும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் முன்னோட்டக் கட்டத்தில் மடல் தெரிந்தாலே போதும். 2001 செப்டம்பர் 18ஆம் தேதி வெளிப்பட்ட நிம்டா இன்னும் மோசமானது. அது பல வழிகளில் பரவியது. அஞ்சல் வழியாக வந்தபோது, இயங்கு நிரல் ஒன்றை ஒலிக்கோப்பு என்று மைம் தலைப்பில் பொய் சொல்லி வந்தது. எச்டிஎம்எல் மடலைக் காட்ட முயன்ற எக்ஸ்புளோரரின் பொறி, ஒலிதானே என்று தானே அதைத் திறந்து ஓட்டிவிட்டது. எந்த மைம் தலைப்பை வைத்து எதை யாரிடம் கொடுப்பது என்று மனிதரிடம் கேட்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததோ, அந்தத் தலைப்பை வைத்தே மனிதரைக் கேட்காமல் எல்லாம் நடந்து முடிந்தது.

இவை பழைய கதைகள், உலாவிகள் இன்று எவ்வளவோ பாதுகாப்பானவை என்று சொல்பவர்களுக்காக இன்னொரு சான்று. 2018 மே மாதம் ஜெர்மனியின் மூன்ஸ்டர், போகும் நகரங்களிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இஃபெயில் என்ற பலவீனத்தை வெளியிட்டார்கள். மறையாக்கம் செய்த மடல்களைப் பற்றியது அது. பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயல்பாட்டாளர்களும் உயிரை நம்பி ஒப்படைக்கும் தொழில்நுட்பம். தாக்குபவர் கையில் பூட்டிய மடலின் நகல் ஒன்று இருந்தால் போதும். அதை நடுவில் வைத்து மூன்று பகுதிகள் கொண்ட புதிய மடலை அவர் தயாரிப்பார். முதல் பகுதி எச்டிஎம்எல்; அதில் ஒரு படத்தின் முகவரி தொடங்கும், மேற்கோள்குறி மூடப்படாது. இரண்டாம் பகுதி பூட்டிய மடல். மூன்றாம் பகுதியில் மேற்கோள்குறி மூடும். பெறுபவரின் அஞ்சல் நிரல் நடுப்பகுதியைத் திறந்து, மூன்றையும் ஒட்டி ஒரே பக்கமாக்கி, ‘படத்தை’ வரவழைக்கத் தாக்குபவரின் சர்வரைக் கூப்பிடும். அந்த முகவரியிலேயே ரகசியம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும். ஆப்பிள் மெயிலும் தண்டர்பேர்டும் இதற்கு ஆளாயின. மட் ஆளாகவில்லை. அதன் மறையாக்கம் மற்றவற்றைவிட வலுவானது என்பதல்ல காரணம். அது பகுதிகளை ஒட்டி ஒரு பக்கமாக்குவதில்லை; வெளியே எதையும் தானாகக் கூப்பிடுவதும் இல்லை. வடிவமைப்பில் இருந்த ஒரு இடைவெளி, கணிதத்தால் காக்க முடியாமல் போனதைக் காத்தது.

தாக்குதல்களை விட்டுவிட்டு அன்றாடத்துக்கு வருவோம். ஒரு எச்டிஎம்எல் மடல் தன் படங்களைத் தன்னோடு எடுத்து வரலாம், அல்லது எங்கோ உள்ள சர்வரிலிருந்து வரவழைக்கச் சொல்லலாம். இரண்டாவது வகை மடலைத் திறந்தவுடன், நீங்கள் அதைத் திறந்தீர்கள், எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எந்த இணைய முகவரியிலிருந்து திறந்தீர்கள் என்பதெல்லாம் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் இதற்குப் போதும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 902 நிறுவனங்களின் செய்திமடல்களுக்குப் பதிவு செய்து, வந்துசேர்ந்த 12,618 மடல்களைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 85 விழுக்காட்டில் மூன்றாம் தரப்பின் உள்ளடக்கம் இருந்தது. ஏறக்குறைய 29 விழுக்காடு மடல்கள், திறந்த மாத்திரத்தில் பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியை ஒரு மூன்றாம் தரப்புக்காவது கசியவிட்டன. கடிதம் படிப்பது தனி ஒருவரின் செயல் என்ற நெடுநாள் எண்ணத்தை இந்த எண்கள் உடைக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. 2017இல் மைம்காஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ரோப்மேக்கர் என்ற பெயரில் ஒரு வழியை விளக்கியது. மடலின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடைத்தாள் வெளிச் சர்வரில் இருந்தால், மடல் உங்கள் பெட்டிக்கு வந்த பிறகும் அனுப்பியவர் அந்த நடைத்தாளை மாற்றி, நேற்று நீங்கள் படித்த வாசகத்தை மறைத்து இன்று வேறொன்றைக் காட்டலாம். வந்துசேர்ந்த பிறகும் அனுப்பியவர் கையில் இருக்கும் ஒன்றை மடல் என்று நான் ஏற்க மாட்டேன். என் பெட்டியில் கிடப்பது என்னுடையதாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அதே சொற்கள் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. இந்தப் பேச்சுக்கு எதிராக வரக்கூடியவற்றில் மிக வலுவானது இதுதான். ஆகையால் அதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன். ‘நீங்கள் புகழும் ஏற்பாட்டில் மடல் கடைசியில் எங்கே போகிறது? முழு உலாவிக்குத்தானே? தண்டர்பேர்ட் வெளிப்படங்களைத் தடுத்து வைக்கிறது. மடலுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டை எந்த நல்ல அஞ்சல் நிரலும் இன்று ஓடவிடுவதில்லை. உங்கள் உலாவியோ தன் முன்னால் வைக்கப்பட்டது மடல் என்றே அறியாது. ஒரு சாதாரணப் பக்கம் என்று நினைத்துப் படங்களையெல்லாம் வரவழைக்கும், ஸ்கிரிப்டை ஓட்டும். அப்படியானால் உங்கள் வழி பாதுகாப்பு குறைந்ததல்லவா?’ உண்மை. ஒரு சொல்லையும் மறுப்பதற்கில்லை. உலாவிக்கு அனுப்பும் விசையை அழுத்தும் கணத்தில், டெர்மினலில் படிப்பவர் அதுவரை காத்த அத்தனையையும் ஒரேயடியாக விட்டுவிடுகிறார். இன்னும் சொல்லப்போனால், மடல் வட்டில் தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டுத் திறக்கப்படுகிறது. 2019 ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பு வரை ஃபயர்பாக்ஸ், ஒரே அடைவில் இருக்கும் கோப்புகளை ஒரே மூலத்தைச் சேர்ந்தவையாகக் கருதியது. அப்படித் திறந்த ஒரு எச்டிஎம்எல் கோப்பு, பக்கத்தில் கிடக்கும் மற்ற கோப்புகளைப் படித்துவிட அதில் வழி இருந்தது. மெயில்கேப்பிலும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. கோப்பின் பெயர் கட்டளை வரிக்குள் செருகப்படுகிறது. அந்தப் பெயரை அனுப்பியவர் தீர்மானிக்கலாம். அதில் விஷமமான குறிகள் இருந்தால் கட்டளையே மாறிப்போகும். பைதான் மொழியின் மெயில்கேப் கூறு இந்த ஓட்டையோடு பல ஆண்டுகள் இருந்தது, 3.13ஆம் பதிப்பில் அந்தக் கூறையே நீக்கிவிட்டார்கள். மட் நிரல் கோப்புப் பெயரிலுள்ள ஐயத்துக்குரிய குறிகளை மாற்றிவிட்டே கட்டளைக்குக் கொடுக்கிறது.

ஆனால் இந்த மறுப்பு, இடைவெளி வேண்டாம் என்று நிறுவவில்லை. கைமாற்றும் இடத்தில் காவல் போதவில்லை என்பதைத்தான் நிறுவுகிறது. அந்தக் காவலை அங்கே வைப்பதுதான் எளிது என்பது என் வாதம். அஞ்சல் நிரலும் உலாவியும் ஒரே உடலாகிவிட்ட இடத்தில், எதைத் தடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட வேண்டும்: ஸ்கிரிப்ட், படம், நடைத்தாள், எழுத்துரு, சட்டகம் என்று. இஃபெயில் ஆய்வாளர்கள் கண்டது இந்தப் பட்டியலில் விடுபட்டுப்போன சந்துகளைத்தான். இரண்டு தனி நிரல்களாக இருந்தால் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: அந்த உலாவிக்கு வலைத்தொடர்பே கிடையாது. லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற கருநிரல் வசதி இருக்கிறது. அதற்குள் தொடங்கப்பட்ட நிரலுக்கு வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பபிள்ராப், ஃபயர்ஜெயில் போன்ற கருவிகள் இதை ஒரு சொல்லில் செய்து தருகின்றன. மெயில்கேப் வரியில் உலாவியின் பெயருக்கு முன் அந்தக் கட்டளையைச் சேர்த்து, மடலுக்கென்று தனியாக ஒரு வெற்றுப் பயனர்க் கணக்கை உலாவிக்குக் கொடுத்துவிட்டால், மடல் எதைக் கேட்டாலும் வரவும் வராது, போகவும் போகாது. அட்டவணை, நிறம், மடலோடு வந்த படம் எல்லாம் அப்படியே தெரியும். இதைவிட எளிதாக, கோப்பின் தலையில் ஓர் உள்ளடக்கப் பாதுகாப்புக் கட்டளையை எழுதிச் சேர்த்து, வெளியிலிருந்து எதையும் ஏற்றாதே என்று உலாவிக்கே ஆணையிடும் வழியும் உண்டு. நல்ல வழிதான், முழுமையானதல்ல. சில விநாடிகளில் வேறு பக்கத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளையை அது தடுக்காது. வலைத்தொடர்பை அறுப்பதே உறுதியானது என்று நான் சொல்வது இதனால்தான்.

நடைமுறைத் தொல்லைகள் சில உண்டு, அவற்றை மறைக்கவில்லை. உலாவி ஏற்கெனவே திறந்திருந்தால், புதிதாகக் கூப்பிட்ட கட்டளை முகவரியைப் பழைய சாளரத்திடம் கொடுத்துவிட்டு உடனே முடிந்துவிடும். வேலை முடிந்தது என்று நினைத்து அஞ்சல் நிரல் தற்காலிகக் கோப்பை அழித்துவிடும். உலாவி தேடும்போது கோப்பு இருக்காது. கோப்பை வேறிடத்துக்குப் படியெடுத்து வைப்பது வழக்கமான தீர்வு. மடலுக்கெனத் தனி உலாவி ஓடினால் இந்தச் சிக்கலே எழாது. உபுண்டு 22.04இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக வந்ததிலிருந்து, அந்த உலாவிக்குப் பொதுவான தற்காலிக அடைவு தெரிவதில்லை. கோப்பு இருந்தும் இல்லை என்கிறது. மடலோடு வரும் படங்களும் சிக்கல் கொடுக்கும். எச்டிஎம்எல் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுத்தால், அதே மடலின் வேறு பகுதியாக இருக்கும் படத்தை உலாவியால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பகுதிகளையும் ஒரு அடைவில் எழுதி, படங்களின் உள்முகவரிகளைக் கோப்புப் பெயர்களாக மாற்றிக் கொடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் தேவை. இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளைப் பலர் எழுதிப் பகிர்ந்திருக்கிறார்கள். அஞ்சல் நிரல்களே இதைத் தங்களுக்குள் கொண்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். பயனர் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல இது.

முழு உலாவிக்கு முன்னால் எழுத்து உலாவி ஒரு படி நிற்கிறது என்றேன். அதன் பயனைப் பலர் உணர்வதில்லை. லிங்ஸ் ஒரு மடலை வெற்று எழுத்தாக்கும்போது ஒவ்வொரு சுட்டிக்கும் எண் கொடுத்து, அந்தச் சுட்டிகள் உண்மையில் எங்கே போகின்றன என்ற பட்டியலைக் கடைசியில் தருகிறது. எச்டிஎம்எல் வந்த நாள் முதல், கண்ணுக்குத் தெரியும் சொல்லும் அதன் அடியிலிருக்கும் முகவரியும் வேறுவேறாக இருக்கலாம். ஏமாற்று மடல்களின் முழு வித்தையும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுள் அனுப்பியதுபோல் ஒரு எச்சரிக்கை மடல் வந்தது. கடவுச்சொல்லை மாற்றும்படி ஒரு பொத்தான் அதில் இருந்தது. அந்தப் பொத்தானின் அடியில் இருந்தது ஒரு சுருக்க முகவரி. கூகுளின் முகவரி அல்ல. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய மடல்கள் உலகத்தின் முன் வைக்கப்பட்டன. இந்த மடலும் அவற்றில் ஒன்று. வெற்று எழுத்தாக அதைப் பார்ப்பவருக்குப் பொத்தானின் சொற்களுக்கு அடுத்தே அந்தச் சுருக்க முகவரி கண்ணில் படுகிறது. எழுத்தாகப் பார்த்திருந்தால் எவரும் ஏமாறியிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. முகவரியைப் பார்த்தும் அழுத்துபவர்கள் உண்டு. ஆனால் பார்க்கும் வாய்ப்பையே கொடுக்காத வடிவத்தையும், கேளாமலே காட்டிவிடும் வடிவத்தையும் ஒன்றாக எண்ண முடியாது.

‘கோடிக்கணக்கானவர்கள் ஜிமெயிலிலும் கைபேசியிலும் மடல் படிக்கும்போது, டெர்மினலில் படிக்கும் சிலருடைய ஏற்பாட்டைப் பற்றி என்ன பேச்சு?’ என்றும் கேட்கலாம். அந்தக் கோடிக்கணக்கானவர்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் பிறகு செய்தவற்றைக் கவனியுங்கள். 2013 டிசம்பரில் கூகுள், மடல்களின் படங்களைத் தன் சொந்த சர்வர்கள் வழியாக வரவழைத்துக் காட்டத் தொடங்கியது. 2021இல் ஆப்பிள், பயனர் மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி எடுத்துவைத்து, அனுப்பியவருக்கு எதுவும் விளங்காமல் செய்தது. இரண்டுமே, மடலுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே தொலைந்துபோன இடைவெளியை மறுபடியும் கட்டும் முயற்சிகள். முதலில் அழித்ததைப் பிறகு பெருஞ்செலவில் கட்டுகிறார்கள். வேறுபாடு ஒன்று: அங்கே காவலர் நிறுவனம், மெயில்கேப் கோப்பில் காவலர் நீங்கள். கூகுளின் ஏற்பாட்டில் உங்கள் இணைய முகவரி மறைகிறது, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிப் படமுகவரி கொடுத்து அனுப்பினால் நீங்கள் திறந்த செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும். எந்த அளவு மறைப்பது என்ற முடிவு உங்களுடையதாக இல்லை. சிலருக்கான ஏற்பாடு என்பதும் முழு உண்மை அல்ல. பார்வையற்றோருக்கு மடலின் வெற்று எழுத்துப் பகுதி என்பது நேரான பாதை. பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன் 1995இல் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், எழுத்துச் சூழலிலேயே அஞ்சல் முதல் நிரலாக்கம் வரை அனைத்தையும் குரலாக்கியது. வண்ணப் பொத்தான்களும் ஒன்றுக்குள் ஒன்றான அட்டவணைகளும் அந்தக் குரலுக்கு வெறும் இடையூறு.

அனுப்புபவர்களின் கடமையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மைம் விதிகளில் ஒரே செய்தியை இரண்டு வடிவில் அனுப்ப வழி இருக்கிறது. எளிய எழுத்து முதலில், வளமான வடிவம் கடைசியில். இரண்டும் ஒரே செய்தியின் மாற்று வடிவங்கள் என்பது விதியின் தெளிவான எண்ணம். மட் பயனர் எழுத்து வடிவை முதலில் காட்டு என்று ஒரே வரியில் சொல்லிவைக்கலாம். ஆனால் எத்தனையோ மடல்களில் எழுத்துப் பகுதி இருப்பதே இல்லை. இருந்தால், ‘உங்கள் நிரல் எச்டிஎம்எல் காட்டாது’ என்ற ஒரு வரியோடு முடிந்துபோகிறது. சிலவற்றில் எழுத்துப் பகுதி போன மாத மடலுடையதாக இருக்கும், எச்டிஎம்எல் பகுதி மட்டும் இந்த மாதத்தது. செய்திமடல் விளம்பரத்துக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. வங்கி அறிவிப்பு, தேர்வு நுழைவுச் சீட்டு, வரி அறிவிக்கை, மருத்துவமனைச் சோதனை முடிவு ஆகியவற்றுக்கு இது அலட்சியம். கடுமையான சொல்தான், தெரிந்தே சொல்கிறேன். பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாரைக் கேட்பது என்ற மூன்று வரியை எழுத்தாக வைக்க எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

கடைசியாக, தமிழில் மடல் எழுதுபவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் உரிய ஒரு மறுப்பு. ‘வெற்று எழுத்து போதும் என்பது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழ் அந்தத் திரையில் தெரியுமா?’ இது நியாயமான கேள்வி. எழுத்து மடலின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்களின் தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்பது அதன் அடிப்படை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் ஒரே குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இதைச் செய்ய எழுத்துகளை வடிவமைக்கும் பொறி வேண்டும். எக்ஸ்டெர்ம் போன்ற பழைய டெர்மினல்களில் அது இல்லை; கொம்பும் காலும் தம் போக்கில் சிதறிக் கிடக்கும். ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் ஹார்ஃப்பஸ் என்ற பொறி இந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. எனவே தமிழ்ப் படிப்பாளி உலாவியை நாடுவது வண்ணத்துக்காக அல்ல, எழுத்துக்காக. மடலின் உள்ளே பார்த்தாலும் தமிழுக்குச் சுமை அதிகம். ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பேஸ்64 முறையில் அது நான்கு எழுத்தாகிறது, கோட்டட் பிரிண்டபிள் முறையில் ஒன்பது எழுத்தாகிறது. ஏழு பிட் காலத்து விதிகளின் சுவடு இன்றும் ஒவ்வொரு தமிழ் மடலிலும் பதிந்திருக்கிறது.

இதற்கு விடை, தமிழ் மடல்களை எச்டிஎம்எல்லாக அனுப்புவது அல்ல. அப்படிச் செய்தால் மேலே சொன்ன அத்தனை ஆபத்துகளையும் எழுத்துருவுக்காக விலைகொடுத்து வாங்கியதாகும். எழுத்து மடல் எழுத்து மடலாகவே வரட்டும்; அதைக் காட்டும் கருவியை மாற்றுவோம். எம்எல்டெர்ம் போல இந்திய எழுத்துகளை வடிவமைக்கத் தெரிந்த டெர்மினல்கள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில், வலைத்தொடர்பு அறுக்கப்பட்ட அந்த உலாவியையே எழுத்து மடலுக்கும் பயன்படுத்தலாம். யூனிகோடில் அன்றாடத் தமிழ் எழுத்துகள் எல்லாம் 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதிக்குள் இருக்கின்றன. மடலின் உடலில் அந்தத் தொகுதியைச் சேர்ந்த குறி ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பது நான்கைந்து வரி ஸ்கிரிப்டின் வேலை. இருந்தால் அந்த எழுத்தை ஒரு எளிய பக்கமாகச் சுற்றி உலாவியிடம் கொடுக்கட்டும். இல்லையென்றால் டெர்மினலிலேயே காட்டட்டும். மெயில்கேப்பில் எழுத்து வகைக்கு உரிய வரியில் இந்த ஸ்கிரிப்டின் பெயரை எழுதிவிட்டால், ‘கொ’வும் ‘கை’யும் தம் வடிவில் வரும், மடலைப் படித்த செய்தி படித்தவரைத் தவிர வேறு எவருக்கும் போகாது.